செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. வெறும் குப்பைதானா?

செப்டம்பர் 9 (ஒரு வாசகரின் கேள்வி)
மண்ணிலும் கடலிலும் பாக்டீரியாக்கள் செத்த பிறகு அவற்றின் டி.என்.ஏ. வெளியே கொட்டிக் கிடப்பதாகப் படித்தேன். செல் போய்விட்டால் அதைப் படிக்க ஆள் இல்லை. அப்படியானால் அது வெறும் குப்பைதானே? இதைப் போய் ஏன் இத்தனை பேர் ஆராய்கிறார்கள்?

செப்டம்பர் 9, இரவு
குப்பை என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கிறது என்று எடை போட்டுப் பாருங்கள். டி.என்.ஏ.வின் எடையில் சுமார் 17 சதவீதம் நைட்ரஜன், 10 சதவீதம் பாஸ்பரஸ். உரக்கடை டி.ஏ.பி. மூட்டையில் 18:46 என்று போட்டிருப்பார்கள். 18 நைட்ரஜன். 46 என்பது பாஸ்பரஸின் ஆக்சைடுக் கணக்கு. தனிப் பாஸ்பரஸாக மாற்றினால் 20 தான் வரும். ஆக, நைட்ரஜனில் டி.என்.ஏ.வும் டி.ஏ.பி.யும் ஏறக்குறைய சமம், பாஸ்பரஸில் பாதி. இவ்வளவு சத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் சும்மா இருக்குமா?

1869-இல் ட்யூபிங்கனில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளின் சீழிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலாகப் பிரித்தார். இது புரதம் இல்லை, வேறு ஏதோ என்று அவர் முடிவு கட்ட முக்கியக் காரணம் அதிலிருந்த பாஸ்பரஸ். மரபு, தகவல் என்ற பேச்செல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை. நாம் பள்ளியில் கடைசியில் வந்ததை முதலில் படித்துவிட்டு, டி.என்.ஏ. என்றாலே "தகவல்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் 10
நுண்ணுயிர்கள் டி.என்.ஏ.வைத் தின்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஆழ்கடலில் இருந்து ஒன்று. அந்தோனியோ டெல்'அன்னோ, ரொபெர்த்தோ தனோவாரோ என்ற இரண்டு இத்தாலியர்கள் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஆழ்கடல் தரையின் வண்டலில் இருக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், செல்களுக்கு வெளியே கிடக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்களின் அன்றாடத் தேவையில் கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 7, பாஸ்பரஸுக்கு 47 சதவீதத்தை இது கொடுக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

எல்லாரும் 47-ஐத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்த 4-ம் முக்கியமாகப் படுகிறது. வயிறு நிறைய டி.என்.ஏ.வை யாரும் தின்பதில்லை. வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காத ஒரு சத்துக்காகத் தின்கிறார்கள்.

செப்டம்பர் 10, கொஞ்ச நேரம் கழித்து
எப்படி அவ்வளவு தூரம் கீழே போகிறது? செத்த மிதவையுயிர்கள் மேலிருந்து மூழ்கிக்கொண்டே இருக்கின்றன. போதாததற்கு வைரஸ்கள். கடலில் அவை நாள்தோறும் பாக்டீரியாக்களில் பெரும் பங்கை வெடிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே. மேல்நீரில் இந்த டி.என்.ஏ. சில மணி நேரம், போனால் சில நாள்தான் தாங்கும். வண்டல் துகளில் ஒட்டிக்கொண்டது தப்பித்துவிடும்.

செப்டம்பர் 13
"அப்படியானால் கிரிஃபித்தை என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் பிடித்தார்.

1928-இல் ஃபிரெடரிக் கிரிஃபித், சூடாக்கிக் கொன்ற கொடிய நிமோனியாக் கிருமியோடு உயிருள்ள சாதுவான கிருமியைச் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. சாது, செத்ததிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு கொடியதாகியிருந்தது. அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ. என்று 1944-இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய சான்றே செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.தான்! ஆக, "படிக்க ஆள் இல்லை" என்பது முழுக்கச் சரியில்லை. எப்போதாவது ஆள் வரும்.

எப்போதாவது என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். வெளியே கிடக்கும் இழை பெரும்பாலும் துண்டு துண்டாக இருக்கும். எடுத்துக்கொள்ளும் பாக்டீரியா இரட்டை இழையில் ஒன்றை வெட்டித் தள்ளிவிட்டு மற்றொன்றைத்தான் செல்லின் உட்பகுதிக்குள் இழுக்கும். உள்ளே போனதும் தன் குரோமோசோமில் அதற்கு ஒத்த வரிசை இருந்தால் மாற்றி வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதையும் உடைத்துச் செலவழித்துவிடும்.

செப்டம்பர் 14
இந்த இடத்தில் பழைய சண்டை ஒன்று உண்டு. பாக்டீரியாக்கள் டி.என்.ஏ.வை உள்ளே இழுப்பது புது மரபணுவுக்காகவா, சாப்பாட்டுக்காகவா? கனடாவின் ரோஸி ரெட்ஃபீல்ட் நெடுங்காலமாகச் சாப்பாட்டுக் கட்சி. ஹீமோஃபிலஸ் பாக்டீரியாவுக்கு டி.என்.ஏ. கட்டுவதற்கான பியூரின் சரக்கு குறையும்போதுதான் இழுக்கும் கருவி முடுக்கிவிடப்படுகிறது. சரக்கை வெளியிலிருந்து ஊற்றினால் அடங்கிவிடுகிறது. பசித்தவன் செய்வது மாதிரிதான் இருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான், குறைந்தபட்சம் இன்றைக்கு.

(மோனோ ஏரி பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை டி.என்.ஏ.வில் வைத்துக்கொள்கிறது என்று 2010-இல் ஒரு பரபரப்பு கிளம்பியது நினைவிருக்கிறதா? அதைச் சோதித்து 2012-இல் இல்லை என்று காட்டியவர்களில் இதே ரெட்ஃபீல்டும் ஒருவர். பாஸ்பரஸுக்குக் குறுக்குவழி கிடையாது.)

செப்டம்பர் 15
காலரா பாக்டீரியாவைக் கொண்டுவராமல் இந்தப் பேச்சு முடியாது. விப்ரியோ காலரே மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. கழிமுகத்திலும் கடலோரத்திலும் கோபிபாடு போன்ற சின்னஞ்சிறு ஓட்டுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளும். அந்த ஓடு கைட்டின். கைட்டினில் உட்கார்ந்ததும் விப்ரியோவுக்கு வெளி டி.என்.ஏ.வை இழுக்கும் திறன் வந்துவிடுகிறது என்று 2005-இல் கண்டார்கள். அதே சமயத்தில் அதற்கு ஓர் ஈட்டியும் முளைக்கிறது என்று 2015-இல் மெலானி பிளோகெஷ் குழு காட்டியது: பக்கத்தில் இருக்கும் வேற்றுக் கிருமியைக் குத்தி உடைத்து, சிந்தும் டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்கிறது. செத்ததைப் பொறுக்குவது போய், கொன்று எடுப்பது.

வங்கதேசத்தில் பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து ஆற்றுத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள் ரீட்டா கோல்வெல் குழுவினர். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியில் இழைகள் நெருங்கி, துணியின் கண் சிறுத்துவிடுகிறது. அதனால் புதுச்சேலையைவிடப் பழையது நன்றாக வடிகட்டும். கோபிபாடு துணியில் நின்றுவிட, அதில் ஒட்டியிருந்த விப்ரியோவும் நின்றுவிடுகிறது. நம் அம்மாக்களின் பழைய சேலை மரபணுச் சந்தை ஒன்றையே வடிகட்டுகிறது என்று சொல்லலாம்.

செப்டம்பர் 19
ரெட்ஃபீல்ட் கட்சி என்று எழுதிவிட்டுப் போனவனுக்கு விப்ரியோ நெருடிக்கொண்டே இருந்தது. காரணம் இது.

விப்ரியோவிடம் வெளி டி.என்.ஏ.வை நறுக்கும் நொதி உண்டு. பாஸ்பரஸ் வேண்டுமென்றால் அதை வெளியே விட்டு நறுக்கித் தின்னலாம், அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் கூட்டம் அடர்ந்து, இழுக்கும் கருவி தயாராகும் நேரத்தில், அதே சமிக்ஞை இந்த நறுக்கும் நொதியை அடக்கிவிடுகிறது. சாப்பாடுதான் நோக்கம் என்றால் சாப்பிடும் நேரத்தில் கத்தியை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? முழு நீள இழை வேண்டும் என்பதற்காகத்தானே?

ஆக இரண்டு கட்சிக்கும் இடம் இருக்கிறது. எந்தப் பாக்டீரியா, எந்த நேரம் என்று கேட்காமல் "எதற்காக" என்று பொதுவாகக் கேட்டதுதான் சண்டையை இத்தனை நாள் இழுத்தது. மொத்த எடையில் பெரும்பங்கு சாப்பாடாகத்தான் போகிறது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

செப்டம்பர் 24
இன்று முதலாமாண்டு பிள்ளைகளுக்கு நூல் சோதனை. கண்ணாடித் தகட்டில் 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. தட்டில் வளர்ந்த பாக்டீரியாவைக் கம்பி வளையத்தால் கொஞ்சம் வழித்து அதில் வைத்துக் கலக்கச் சொன்னேன். கிராம் பாசிட்டிவ் (சுவர் தடித்த வகை) வைத்திருந்தவர்களுக்கு வெறும் பால் தண்ணீர். கிராம் நெகட்டிவ் வகையான ஈ.கோலை வைத்திருந்த பெண் அரை நிமிடம் கலக்கியதும் கை கனப்பதாகச் சொன்னாள். வளையத்தை மெல்லத் தூக்கினாள். தகட்டிலிருந்து ஒட்டிக்கொண்டே ஒரு நூல் எழுந்தது, ஒரு விரற்கடைக்கு மேல். மினுமினுப்பாக, அறுந்து, மறுபடி சொட்டுக்குள் சுருண்டது. "என்ன சார் இது?" "டி.என்.ஏ.தான்மா." வகுப்பே அவள் மேசைக்கு வந்துவிட்டது.

காரம் கிராம் நெகட்டிவ் செல்லின் மெல்லிய சுவரை உடைத்துவிடுகிறது. உள்ளிருந்த இழைகள் வெளியே வந்து பின்னிக்கொள்கின்றன. இதை இங்கே எழுதக் காரணம், டி.என்.ஏ. என்பது ஒரு பொருள் என்பதைக் கையால் உணர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. அது கொழகொழவென்று இருக்கும். இழுக்கும். ஒட்டும்.

செப்டம்பர் 25
நேற்றைய நூலின் தொடர்ச்சி. கால்வாய்க் கல்லின் வழவழப்பு, குழாயின் உட்புறப் பாசி போன்ற படிவு, பல்லின் மேல் படிவது எல்லாம் பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த கோந்துக்குள் கூட்டமாகக் குடியிருப்பது. அந்தக் கோந்து சர்க்கரைச் சங்கிலி என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். 2002-இல் சிந்தியா விட்சர்ச் முதலானோர் சூடோமோனாஸ் ஏருஜினோசா வளர்ந்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை விட்டார்கள். இளம் பயோஃபிலிம் கரைந்து போனது. முற்றியது கரையவில்லை, அதற்குள் வேறு கோந்தும் சேர்ந்திருக்கும். ஆனால் அஸ்திவாரத்தில் டி.என்.ஏ. இருந்தது.

எங்கிருந்து வருகிறது அது? 2016-இல் அதே ஆய்வாளர் பங்கேற்ற வேலை: சூடோமோனாஸ் கூட்டத்தில் சில செல்கள் திடீரென்று குச்சி வடிவம் விட்டு உருண்டையாகி, சில நொடிகளில் வெடித்துச் சிதறுகின்றன. தன் சுவரைத் தானே உடைக்கும் நொதிதான் காரணம். வெடித்ததன் டி.என்.ஏ. மற்றதற்குக் கோந்து. தியாகம் என்று இதை வர்ணிக்கும் ஆசை வரும். அந்த நொதி பழைய வைரஸ் ஒன்றிடமிருந்து வந்த மரபணு. வர்ணனையைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

இன்னொன்று, நேர்மாறானது. நன்னீரில் வாழும் காலோபாக்டர், ஒரு முனையில் வரும் பசையால் கல்லில் ஒட்டி வாழும். அதன் சேய் செல் நீந்திப் போய் இடம் தேடும். கூட்டத்தில் நிறையச் செத்திருந்தால், அவற்றின் டி.என்.ஏ. சேயின் பசையில் ஏறிக்கொண்டு அதை ஒட்டவிடாமல் செய்துவிடுகிறது. சேய் வேறு இடம் பார்த்துப் போய்விடும். 2010-இல் வந்த ஆய்வு. ஒரு இனத்துக்குக் கோந்து, இன்னொன்றுக்கு "இங்கே இடம் இல்லை" என்ற பலகை. இரண்டிலும் வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக யாரும் அதைப் படிக்கவில்லை.

செப்டம்பர் 25, பின்குறிப்பு
சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் கெட்டிச் சளியைத் தளர்த்த டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை மூச்சில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1993-இல் அனுமதி கிடைத்த மருந்து. அந்தச் சளியின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி நம் வெள்ளணுக்களுடையது. மீஷரின் சீழும் அதேதான்.

அக்டோபர் 2
மழை. எங்கள் கரிசல் காட்டில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. கோவில்பட்டிப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்பில் ஏறியது வீடு வரை வரும். அந்த ஒட்டலுக்கும் கோடை வெடிப்புக்கும் காரணம் மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண். டி.என்.ஏ. பிடித்துவைப்பதில் அது கெட்டிக்காரன்.

களித்துகளும் எதிர்மின், டி.என்.ஏ.வும் எதிர்மின். விலக வேண்டும். நடுவில் கால்சியமும் மெக்னீசியமும் பாலம் போட்டுவிடுகின்றன; கரிசலில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. நியூயார்க்கில் ஸ்டாட்ஸ்கியின் ஆய்வகம் 1990-களின் தொடக்கத்தில் காட்டியது: மான்ட்மோரிலோனைட்டில் ஒட்டிய டி.என்.ஏ.வை, அதை வெட்டும் நொதியால் எளிதில் தொட முடியவில்லை. ஆனால் பேசில்லஸ் சப்டிலிஸ் அதை எடுத்துத் தன்னில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இது முக்கியம். சாப்பிட வருபவனுக்கு எட்டாமல் போனது, படிக்க வருபவனுக்கு எட்டுகிறது.

செப்டம்பர் 13-இல் "எப்போதாவது ஆள் வரும்" என்று எழுதினேன். களிமண்ணில் அந்த எப்போதாவதுக்குக் காத்திருக்கும் அவகாசம் கூடுகிறது என்று அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 6
கரிசலிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பற்றி ஒருவர் கேட்டார். வரும், ஆனால் கட்டஞ்சாயா நிறத்தில் வரும். மண்ணில் மக்கியதிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம்தான் காரணம். அதை அப்படியே பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) போட்டால் ஒன்றும் பெருகாது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பி.எஸ்.ஏ. என்ற புரதம் கொஞ்சம் சேருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அக்டோபர் 11
இப்போது எனக்கு எரிச்சல் தரும் பகுதி. தெரிந்த விவசாயி ஒருவர் தன் மண்ணைத் தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி, நுண்ணுயிர் அறிக்கை வாங்கிவந்தார். வண்ண வட்டப்படங்கள், நூற்றுக்கணக்கான பெயர்கள், "உங்கள் மண் உயிர்ப்புடன் உள்ளது" என்ற வாசகம். கீழே அவர்கள் விற்கும் திரவ உரம். மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல எதெல்லாம் உசுரோட இருக்கு தம்பி?"

அந்த அறிக்கையால் அதைச் சொல்லவே முடியாது. எடுக்கும்போது உயிருள்ளதன் டி.என்.ஏ.வும் செத்ததன் டி.என்.ஏ.வும் ஒரே குழாயில்தான் வருகின்றன. கொலராடோவின் நோவா ஃபியரர் குழு 2016-இல் பல மண்களைச் சோதித்தது. சிதைந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் ஒரு சாயம். ஒளி பட்டதும் அது டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு பெருகவிடாமல் செய்துவிடும். சாயம் போட்டும் போடாமலும் ஒப்பிட்டார்கள். சராசரியாக 40 சதவீத டி.என்.ஏ. செத்தவற்றுடையது அல்லது செல்லுக்கு வெளியே கிடந்தது. இன வகைகளின் எண்ணிக்கை சில மண்களில் 55 சதவீதம் வரை ஊதிப் பெருத்திருந்தது. வாக்காளர் பட்டியலில் செத்தவர்கள் பெயர் இருப்பது நமக்குப் புதிதல்ல. இங்கே நீக்க அதிகாரி இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 12
நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேனா என்று ஒரு நண்பர் கேட்டார். சூடு அந்த ஆய்வகத்தின் மேல், இருக்கட்டும். அறிவியலில் மறுபக்கமும் உண்டு. 2018-இல் ஜே லென்னன் முதலானோர் எழுதினார்கள்: எந்த இனம் எந்த விகிதத்தில் உயிரோடு இருக்கிறதோ அதே விகிதத்தில் செத்து, ஒரே வேகத்தில் சிதைந்தால், பழைய டி.என்.ஏ. படத்தைப் பெரிதாகக் கோணலாக்காது. சில இனங்களின் டி.என்.ஏ. மட்டும் பாதுகாக்கப்படும் இடத்தில்தான் தொல்லை. இது நியாயமான வாதம். ஆனால் களிமண் அதிகமுள்ள நிலத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் சிதையும் என்று நம்பிக் காசு கட்ட நான் தயாரில்லை.

அக்டோபர் 18
எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து பேச்சு யானைக்குப் போய்விட்டது. போகட்டும். வட கிரீன்லாந்தின் காப் கோபன்ஹாவன் படிவில் 20 லட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ. கிடைத்ததாக 2022-இல் வந்தது. மாஸ்டடான் யானையும் அதில் உண்டு. அங்கும் கனிமத் துகளில் ஒட்டியதால்தான் பிழைத்தது. 2013-இல் டென்மார்க்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 43,000 ஆண்டுப் பழைய மாமத் எலும்பிலிருந்து எடுத்த, நைந்து துண்டான டி.என்.ஏ.வைக்கூட அசினெட்டோபாக்டர் உள்ளே இழுத்துத் தன் குரோமோசோமில் சேர்த்துக்கொண்டது.

கீழடியில் இப்படிக் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிரீன்லாந்துக்குக் குளிர் இருந்தது. நமக்கு வெயில். டி.என்.ஏ.வுக்கு வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவதைவிடக் கெடுதல் வேறில்லை. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 27
சுருக்கமாக. குளோரின் போட்டால் கிருமி சாகும். கிருமிக்குள் இருந்த ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு உடனே அழிந்துவிடும் என்பதில்லை. செல்லைக் கொல்லப் போதுமான அளவு, இழையைச் சிதைக்கப் போதாமல் இருக்கலாம். மருத்துவமனைக் கழிவுநீர் பற்றிக் கவலைப்படுபவர்கள் உயிருள்ள கிருமியை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் போடுகிறார்கள்.

நவம்பர் 3
டி.என்.ஏ.வை மட்டுமே நம்பி வாழும் நுண்ணுயிர் உண்டா என்று முதல் கேள்வி கேட்டவரே திரும்பி வந்து கேட்டிருக்கிறார். "மட்டுமே" என்று சொல்ல மாட்டேன். 2021-இல் கடல் வண்டலில் டி.என்.ஏ.வை ஊட்டி, யார் தின்கிறார்கள் என்று தேடிய ஆய்வுகளில் இஸெமோபிளாஸ்மா என்ற கூட்டம் மாட்டியது. செல்சுவர் இல்லாத சின்ன உயிர், டி.என்.ஏ.வை வெளியே வெட்டி, உள்ளே கொண்டுபோய், அதன் சர்க்கரையையும் எழுத்துகளான காரங்களையும் (பேஸ்) பிரித்துச் செலவழிக்கும் ஏற்பாடு முழுதும் அதன் மரபணுத் தொகுதியில் இருக்கிறது. இது பாஸ்பரஸுக்காக மட்டும் இல்லை, எரிபொருளாகவே எரிக்கிறது. செப்டம்பர் 10-இல் "வயிறு நிறைய யாரும் தின்பதில்லை" என்றேன். அதற்கு விலக்காக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 4
ஆய்வேட்டுக்காகக் கேட்ட மாணவிக்கு: வெளியே கிடப்பதையும் செல்லுக்குள் இருப்பதையும் பிரிக்க, மணிகள் போட்டு உடைப்பதற்கு முன் மண்ணைப் பாஸ்பேட் பஃபரில் அலசுங்கள். களிமண்ணில் டி.என்.ஏ. உட்கார்ந்த இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும், டி.என்.ஏ. விட்டு வரும். மெதுவாக ஆட்டுங்கள், வேகமாக ஆட்டினால் உயிருள்ள செல்லும் உடைந்து கணக்கு கெட்டுவிடும். அலசிய நீரை மையவிலக்கில் சுற்றி, மேல்நீரைத் தனியாக எடுங்கள். அடியில் நின்றதைத்தான் வழக்கமான கிட்டில் போட வேண்டும். கரிசலாக இருந்தால் ஒரு அலசல் போதாது. இரண்டு குழாயிலும் தேதி எழுதி மைனஸ் 80-இல் வையுங்கள், மார்க்கர் மை அழியாததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.